கொழுந்துச் சாக்கும் உரமூடையும்

தவணை விடுமுறை கழிந்து வகுப்புகள் தொடங்கிய முதல் நாள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்குப் பஸ்ஸேறி வந்து உயர்தரம் பயிலும் மாணவனொருவன், பத்திரிகைத் தாளில் மடித்த சிறு பொட்டலமொன்றை என் மேசைமீது வைத்தான். கோயில் விபூதியாக இருக்குமென எண்ணிக் கையை நீட்டினேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பிடி உரம்!

"சேர், எங்கள் தோட்டத்து மலைக்குப் போடும் உரம் இது. பார்த்தால் மூன்று நிறம் தெரிகிறது. இந்த மூன்றும் என்னவென்று அப்பா கேட்டுவரச் சொன்னார். பதினெட்டு வருடமாகத் தூவுகிறாராம். உரம் என்பதைத் தவிர வேறு பெயர் தெரியாதாம்" என்றான்.

எனக்குச் சிறிது வெட்கமாகவே இருந்தது. யூரியாவின் இரசாயனச் சூத்திரத்தை எத்தனையோ ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். மாணவரும் அதனைப் பிழையின்றிப் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். ஆனால் அந்தப் பொருளைத் தோளிற் சுமந்து மலையேறும் மனிதருக்கு அது யாதெனச் சொல்லவேண்டும் என்ற நினைவு எமக்கு வந்ததில்லை. ஆதலின் அன்று பாடநூலை மூடிவைத்துவிட்டு, அந்தப் பொட்டலத்தையே பாடமாக்கினோம். வகுப்பிற் பேசியவற்றுள் வீட்டாருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கண்ணாடிக் குவளையொன்றில் நீர் எடுத்து, பொட்டலத்தை அதில் கொட்டிக் கலக்கினோம். வெள்ளை மணிகள் கண் இமைக்கும் நேரத்தில் மறைந்தன. குவளையைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள், "சில்லென்று இருக்கிறது!" என்று வியந்தனர். யூரியா கரையும்போது நீரிலுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனாலேயே அந்தக் குளிர்ச்சி. செந்நிறத் துணுக்குகள் சற்று நேரஞ் சென்று கரைந்து, நீருக்கு மெல்லிய செம்மண் நிறத்தைத் தந்தன. அவை மியூரியேற்றுப் பொற்றாசு. அந்தச் செம்மை இரும்புத் துருவினால் வந்ததேயன்றி உரத்தின் குணமன்று. கபில நிறப் பொடியோ எவ்வளவு கலக்கியும் கரையாமல், குவளையின் அடியிற் போய்ப் படிந்துகொண்டது. அதுதான் எப்பாவலப் பாறைப் பொசுபேற்று.

தேயிலைக்கு இடும் கலவைகள் பலவாயினும், அவற்றில் முக்கியமானவை இம்மூன்றே. நைதரசன் இலையை வளர்க்கும். பொசுபரசு வேருக்கு வலுவூட்டும். பொற்றாசியம் வரட்சியைத் தாங்கவும், கவ்வாத்து வெட்டியபின் செடி மீண்டும் கிளைத்தெழவும் உதவும். இவற்றையே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து எனத் தமிழில் அழகாகப் பெயரிட்டு வழங்குகின்றனர். சிறு தேயிலைத் தோட்டக்காரர் கடையிற் கேட்டு வாங்கும் யூ 709, யூ 834 என்பன போன்ற எண்கள், இவற்றை எந்த அளவிற் கலந்திருக்கிறது என்பதற்கான அடையாளங்களாம். இக்கலவைகளை ஆராய்ந்து விதந்துரைப்பது, 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம். ஊவாவுக்கென அதன் கிளையொன்று பசறையில் உள்ளது. அந்த மாணவன் பஸ்ஸேறும் ஊரிலேயே அது இருப்பது அவனுக்குப் புதிய செய்தியாயிற்று!

மூடையின் எடையைப் பார்த்து உரம் வாங்குவது பலரின் வழக்கம். உண்மையில் நாம் வாங்குவது அதனுள் உள்ள சத்தையே. 50 கிலோ யூரியாவில் நைதரசன் 23 கிலோ உண்டு. அதே எடையுள்ள அமோனியம் சல்பேற்றில் அது பத்தரைக் கிலோ மாத்திரமே. ஆயினும் அதனோடு கந்தகமும் சேர்ந்து கிடைக்கிறது. மியூரியேற்றுப் பொற்றாசு மூடையொன்றில் பொற்றாசு 30 கிலோ. எஞ்சிய எடையெல்லாம் அச்சத்தைச் சுமந்துவரும் வாகனமே. இக்கணக்கு விளங்கினால், "மலிவான மூடை" என்று கடைக்காரர் காட்டுவது மெய்யாகவே மலிவா என்பதை வீட்டிலுள்ள பிள்ளையே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.

எங்கிருந்து வருகின்றன?

யூரியாவின் நைதரசன், நாம் மூச்சிழுக்கும் காற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். ஆனால் செடிக்கு அதனை நேரே உண்ணத் தெரியாது. ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹாபர் என்னும் இரசாயன அறிஞர், 1909ஆம் ஆண்டில் அதனை ஐதரசனோடு உயர் அழுத்தத்தில் இணைத்து அமோனியாவாக்கிக் காட்டினார். கார்ல் பொஷ் என்பவர் அதனைத் தொழிற்சாலை அளவுக்கு உயர்த்த, 1913இல் ஒப்பாவு என்னும் ஊரில் உற்பத்தி தொடங்கியது. அதற்கு வேண்டிய ஐதரசன் இன்று பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து பெறப்படுகிறது. எரிவாயு விலை எங்கோ ஏறினால் பதுளைக் கடைவீதியில் யூரியா விலை ஏறுவதன் மர்மம் இதுவே. நம் நாட்டிலும் சப்புகஸ்கந்தையில் யூரியாத் தொழிற்சாலையொன்று 1980களிற் சில ஆண்டுகள் இயங்கி, பின்னர் மூடப்பட்டுவிட்டது. அதன் பின் கப்பலையே எதிர்பார்த்திருக்கிறோம்.

பொற்றாசு, கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடல்கள் மண்ணுக்கடியில் விட்டுச்சென்ற உப்பு. கனடா, ரஷ்யா, பெலாரஸ் ஆகிய நாடுகளிற் பெருஞ் சுரங்கங்கள் உள்ளன. நம் நாட்டில் அது இல்லை.

பாறைப் பொசுபேற்று மட்டும் நம்முடையது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் 1971ஆம் ஆண்டில் இப்படிவு கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 6 கோடி தொன் இருக்குமென மதிப்பிட்டுள்ளனர். இதனை வெளிநாட்டு நிறுவனமொன்றின் கூட்டுடன் விரைவாக வெட்டியெடுக்க முன்வைக்கப்பட்ட திட்டத்தை எதிர்த்து அவ்வூர் மக்கள் வழக்காட, 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அயலிலுள்ள பழைய குளங்களையும் வயல்களையும் வருங்காலத்தவரையும் கருத்திற்கொண்ட அத்தீர்ப்பு, சட்ட மாணவர் இன்றும் எடுத்துப் படிக்கும் ஒன்று. அந்தப் பாறை நீரிற் கரையாது என்பதைக் குவளையிற் கண்டோம். நெல்லுக்கும் மரக்கறிக்கும் அது உடனே உதவாது. ஆனால் தேயிலை மண் புளிப்புத்தன்மை உள்ளது. அந்த அமிலமே பாறையை மெல்லமெல்லக் கரைத்து வேருக்கு ஊட்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு இந்த மந்தம் குறையாகத் தோன்றுவதில்லை.

இருபது கிலோவின் கணக்கு

வகுப்பில் அன்று எல்லாரையும் நிமிர்ந்து உட்காரச் செய்தது ஒரு சிறு கணக்கே. நம் மாணவரிற் பலருடைய அன்னையர் கொழுந்து பறிப்பவர். முதுகிற் கூடை தொங்கிய காலம் போய், இப்போது சாக்கு வந்துவிட்டது. அந்தச் சாக்கில் ஒரு நாள் 20 கிலோ கொழுந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். எனவே 20 கிலோவுக்கு 4 கிலோ 400 கிராம் தேயிலை. தேயிலையில் நூற்றுக்கு 4 பங்கு அளவில் நைதரசன் உண்டு. ஆகவே அந்த அம்மையார் அன்று மாலை தராசடியில் இறக்கிவைக்கும் சாக்கோடு, மலையிலிருந்து சுமார் 175 கிராம் நைதரசனும் இறங்கிவிடுகிறது. அதனோடு பொற்றாசியமும் சிறிது பொசுபரசும் போகின்றன. மறுநாளும் இவ்வாறே. நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த மலைகளிலிருந்து சத்து இவ்வாறு இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இறங்கிய 175 கிராமை யூரியாவாகத் திருப்பி ஏற்றுவதாயின் 380 கிராம் போதும்.  நல்ல கூட்டெருவாக ஏற்றுவதாயின், அதில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வரையே இருப்பதால், 12 முதல் 17 கிலோ வரை வேண்டும். கொழுந்துச் சாக்கு இறங்கிவந்த எடையில் முக்காற் பங்கை எருவாக மறுபடி மலைக்குச் சுமந்து செல்லவேண்டும் என்றாகிறது. இதுவும் முழுக் கணக்கன்று. யூரியாவில் ஒரு பகுதி காற்றோடும் மழையோடும் போய்விடும். கூட்டெருவோ தன்னிடமுள்ள சத்தை அந்த ஆண்டிலேயே முழுவதும் விட்டுக்கொடுக்காது.

இக்கணக்கை நாடு முழுவதும் அனுபவித்து உணர்ந்த காலம் அண்மையிலேயே வந்துபோயிற்று.

2021 ஏப்ரலில் அன்றைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்த முடிவெடுத்தது. மே மாதம் 6ஆம் நாள் அது வர்த்தமானியில் வந்தது. மக்களின் உடல்நலம் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் பின்னணியில் இருந்தது. சேதனப் பசளைக்கு நாடு முழுவதும் மாறவேண்டும் என்ற விருப்பத்தை நான் பழிக்கமாட்டேன். வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயைக் கண்டவர் எவரும் அஞ்சவே செய்வர். ஆயினும் அந்நோய்க்குரிய காரணம் இன்னும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. விருப்பத்துக்கும் கூட்டெருக் குவியலுக்கும் இடையிலுள்ள தூரத்தை எவரும் அளக்காததே நடந்த தவறு. ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு 1500 கிலோ தேயிலை விளைந்தால் 60 கிலோ நைதரசன் போய்விடும். அதனை ஈடுசெய்ய யூரியா இரண்டரை மூடைக்குச் சற்று மேல். கூட்டெருவென்றால் 4 முதல் 6 தொன். அவ்வளவு எருவைச் செய்ய மாடு எங்கே, இலை தழை எங்கே, மலைக்குச் சுமக்க ஆள் எங்கே?

தேயிலை பல்லாண்டு வாழும் செடியாதலால் உடனே வாடிவிடவில்லை. தண்டிலும் வேரிலும் சேமித்ததைச் செலவழித்துத் தளிர் விட்டது. 2021இல் நாட்டின் தேயிலை விளைச்சல் 30 கோடி கிலோவை ஒட்டி நின்றது. அதைக் கண்டு, "உரமில்லாமலும் விளைகிறதே!" என்று கூறியோரும் உண்டு. மறு ஆண்டில் அது 25 கோடி கிலோ அளவுக்கு வீழ்ந்தது. கால் நூற்றாண்டிற் காணாத வீழ்ச்சி அது. தடை 2021 நவம்பரில் விலக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அப்போது உலகச் சந்தையில் உர விலை ஏறியிருந்தது; 2022 பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் தொடங்கவே மேலும் ஏறியது; கப்பலுக்குக் கொடுக்க நாட்டில் டொலரும் இல்லை. மானியத்தோடு 1500 ரூபாவுக்கு விற்ற யூரியா மூடை, வெளிச்சந்தையில் முப்பதாயிரத்தையும் தாண்டியது.

லயத்து வீட்டில் இது எவ்வாறு உணரப்பட்டது? நாட்சம்பளம் 1000 ரூபா என 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளியானது. மலையக மக்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது அது. ஆயினும் பல தோட்டங்களில் குறித்த நிறை கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செடியில் தளிர் இல்லாத நாளில் எவ்வளவு விரைவாகக் கை ஓடினாலும் சாக்கு நிறையுமா? வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "அந்த வருடம் அம்மா காலையிலிருந்து நின்றும் பன்னிரண்டு கிலோதான் சேர், அரைப்பேர்தான் விழுந்தது" என்றாள். வேறொருவன், தான் அந்த ஆண்டு மூன்று மாதம் பாடசாலைக்கு வராததன் காரணம் அப்போதுதான் தனக்குப் புரிகிறது என்றான். அவன் வராத நாள்களுக்கு அன்று நான் இடாப்பிற் குறித்த குறுக்குக் கோடுகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

சுண்ணாம்பும் உரமும்

வகுப்பிற் செய்த இன்னொரு பரிசோதனையையும் சொல்லவேண்டும். ஆய்வுகூடத்திலிருந்து சிறிது அமோனியம் சல்பேற்றை எடுத்தேன்; பார்வைக்குச் சீனி போல இருக்கும். பாட்டிமார் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பிற் சிறிதை அதனோடு சேர்த்துக் குழைத்து, முன்வரிசை மாணவரை முகரச் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினர்! எழுந்தது அமோனியா. செடிக்குப் போகவேண்டிய நைதரசன் அப்படியே காற்றிற் கலந்து போகிறது.

இதில் தோட்டத்துக்கு ஒரு செய்தி உண்டு. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி, பீ.எச். பெறுமானம் நாலரை முதல் ஐந்தரை வரை இருந்தால் அதற்கு உவப்பு. ஆனால் யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் ஆண்டுதோறும் இடுவதால் மண்ணின் புளிப்பு அளவுமீறிக் கூடிவிடுகிறது. அதனைத் தணிக்கவே கவ்வாத்து வேளையில் டொலமைற்று இடுகின்றனர். அது சுண்ணக்கல்லின் உறவுதான். கல்சியத்தோடு மக்னீசியமும் கொண்டது. மாத்தளை, கண்டிப் பக்கங்களிற் கிடைப்பது. டொலமைற்றையும் நைதரசன் உரத்தையும் ஒரே வேளையில் இட்டால், குவளையில் விரைவாக நடந்தது மலையிலே மெதுவாக நடக்கும். ஆகவே இரண்டுக்குமிடையே சில வாரம் இடைவெளி விடவேண்டும். "டொலமைற் போட்டுவிட்டு உரத்தை ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? சோம்பலா?" என்று அப்பா கேட்டதாக அந்த மாணவன் சொன்னான். சோம்பலன்று, இதுவே காரணம்.

அடுப்புச் சாம்பலையும் இவ்விடத்தில் நினைக்கலாம். சாம்பற்சத்து என்ற பெயருக்கு ஏற்ப அதில் பொற்றாசு உண்டு. வீட்டு வாழைக்கும் கத்தரிக்கும் அதனைத் தாராளமாக இடலாம். தேயிலைக்கு மட்டும் ஆகாது. சாம்பல் காரத்தன்மை உடையது. கிழக்காபிரிக்காவில் புதிதாகத் தேயிலை நட்டபோது, முன்பு குடிசைகள் இருந்த இடங்களில் மட்டும் செடிகள் நோஞ்சானாக நின்றன. காரணம் தேடியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே கொட்டிய அடுப்புச் சாம்பல் மண்ணின் புளிப்பைப் போக்கியிருந்தது தெரியவந்தது. அவ்விடங்களுக்குக் கந்தகம் இட்டு மண்ணைத் திருத்தவேண்டியதாயிற்று.

கச்சானும் மாரியும்

உரம் நல்லதாயினும் இடும் நாள் தவறினால் பயனில்லை. ஊவாவின் பருவம் மேற்குச் சரிவின் பருவத்திலிருந்து வேறானது. நுவரெலியாப் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும் ஆடி ஆவணியில், மலைத்தொடரைக் கடந்து வரும் கச்சான் காற்று நம் பக்கத்தில் ஈரமின்றி உலர்ந்து வீசும். அந்த உலர்ச்சியே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த நறுமணத்தைத் தருகிறது. விளைச்சல் குறைந்து, மணம் உயரும் காலம் அது. அப்போது உரமிடுவது வீண். காய்ந்த மண்ணின்மேல் விழுந்த யூரியா வேரை அடையுமுன்னரே அமோனியாவாகிப் பறந்துவிடும். நைதரசனை மிகையாக இட்டாலும் தேநீரின் தரம் தாழுமென ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆதலால் மணத்துக்குப் பேர்போன தோட்டங்கள் இதிற் கூடுதற் கவனம் காட்டுகின்றன.

ஐப்பசியில் மழை தொடங்கி மண் நன்றாக நனைந்தபின் இடுவதே முறை. அடைமழையிலும் இடலாகாது. நம் மலைகளின் சரிவு அத்தகையது. ஒரே இரவு மழையில் உரமும் மேல்மண்ணும் ஒருங்கே கானில் இறங்கி, பதுளை ஓயாவோடு மகாவலிக்குப் போய்விடும். மண் ஈரமாகவும் வானம் சற்று வெளித்தும் இருக்கும் நாளே உரநாள். ஓராண்டுக்குரியதை ஒரேயடியாகக் கொட்டாமல், நான்கைந்து தவணையாகப் பிரித்து இடவேண்டும். சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்களும், அவற்றினிடையே மண் தங்குவதற்காகத் தோண்டிய குழிகளும் தூர்ந்து கிடந்தால் முதலில் அவற்றைத் திருத்தவேண்டும். கான் தூர்ந்த மலைக்கு உரமிடுவது ஓட்டைப் பானைக்கு நீர் வார்ப்பதாகும்.

இயற்கைப் பசளையைப் பற்றி நான் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ணற்க. வள்ளுவர் உழவு அதிகாரத்தில் எருவிடுதலை ஏர் உழுதலினும் மேலாக வைத்தார். இங்கு வந்த நம் பாட்டன்மார் விட்டுவந்த இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலே, அறுவடையான வயலில் இரவில் ஆட்டுக்கிடை கட்டி, அதற்குக் கீதாரிக்கு நெல் அளந்து கொடுப்பது வழக்கம். ஆட்டுப் புழுக்கைக்காக நெல் அளந்தவர் அதன் மதிப்பை அறியாதவரா? இங்கும் கோப்பிக் காலத்தில் எருவுக்காகவே மாட்டுப்பட்டிகள் வைத்திருந்தனர். தேயிலை மலையில் நிற்கும் முள்முருக்கு நிழல் தருவது மட்டுமன்று. அவரையினத்தைச் சேர்ந்ததாதலால் அதன் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துவைக்கும். கிளைகளை வெட்டிச் செடியடியிற் பரப்பினால் அந்த நைதரசன் மண்ணுக்கு வரும். ஹாபர் பெருந் தொழிற்சாலையிற் செய்ததை இந்த மரம் ஓசையின்றிச் செய்கிறது! கிளிசரியாவும் அத்தகையதே. தெருவோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் காட்டுச் சூரியகாந்தியின் தழையும் நல்ல பசுந்தாட் பசளை.

அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள இதல்கஸ்ஹின்னவில் 1980களிலேயே இரசாயன உரமின்றித் தேயிலை பயிரிடத் தொடங்கி, இன்றும் நடத்தி வருகின்றனர். அங்கே இயலுமானால் எங்கும் இயலாதா என்று கேட்கலாம். அவர்கள் பல ஆண்டு செலவிட்டு மண்ணைப் பக்குவப்படுத்தினர். குறையும் விளைச்சலுக்கு ஈடாக உயர்ந்த விலை கொடுக்க வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டனர். ஒரு வர்த்தமானியால் அது நடக்கவில்லை. கூட்டெரு மண்ணை நெகிழச் செய்து, நீரைப் பிடித்துவைத்து, இட்ட உரம் ஓடிவிடாமற் காக்கும். உரம் அன்றன்று இறங்கும் சத்தை ஈடுசெய்யும். வேரின் வாயில் சேரும்போது இரண்டிலிருந்தும் வருவது ஒரே அமோனியமே. சாணத்திலிருந்து வந்ததா சாக்கிலிருந்து வந்ததா எனச் செடி கேட்பதில்லை. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும் என்பேன். பசறைச் சிறுதோட்டக்காரர் பலர் முன்பே கண்டறிந்து செய்துவருவதும் அதுவே.

தேயிலை மலையில் உரம் போதாது என்றால், வெலிமடை, ஊவா பரணகமப் பக்கத்து உருளைக்கிழங்கு, போஞ்சித் தோட்டங்களிலே கதை நேர்மாறு. ஆண்டில் இரண்டு மூன்று போகம் பயிரிடும் அம்மண்ணில் பொசுபேற்று உரத்தைக் கோழியெருவோடு சேர்த்து அளவின்றி இட்டு வந்ததால், மண்ணிற் பொசுபரசு தேவைக்கு மிஞ்சித் தேங்கிக் கிடப்பதை மலைநாட்டு மண் ஆய்வுகள் காட்டுகின்றன. மேலும் இடுவதில் விளைச்சல் கூடாது. காசுதான் கரையும், ஓடைநீரும் கெடும். ஒரே மாவட்டத்தில் பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில், ஓரிடத்தில் பட்டினியும் மற்றோரிடத்தில் அசீரணமும்! மண்ணைப் பரிசோதித்து இடுங்கள் என்று விவசாயத் திணைக்களத்தார் சொல்வது இதனாலேயே. பல இடங்களில் ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்து, அரைக் கிலோ மண்ணை உலர்த்திக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மாணவனால் முடியாதா?

அடுத்த திங்கட்கிழமை அந்த மாணவன் மறுபடி வந்தான். மூன்று பெயரையும் அப்பாவுக்குச் சொன்னானாம். தேயிலை இலையில் தெளிக்கும் நாக சல்பேற்று எதற்கு என்று அவர் அடுத்த கேள்வி கேட்டிருக்கிறார். நாகம் என்பது துத்தநாகம். செடிக்கு மிகச் சிறிதளவே தேவை, அதுவும் மண்ணில் இட்டால் சரிவரக் கிடையாது, ஆதலால் இலைவழியாக ஊட்டுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பின் அம்மாவின் கேள்வி. வெறும் உரச்சாக்கைக் கழுவி வீட்டுக்கு எடுத்துக்கொள்வார்களாம். கழுவிய தண்ணீரை முட்டைக்கோசுப் பாத்திக்கு ஊற்றலாமா?

ஊற்றலாம் என்றேன். இரண்டு மூன்று வாளி நீர் சேர்த்து, இலையிற் படாமல், அடியில் ஊற்றவேண்டும். ஆனால் சாக்கைக் கழுவுவது எங்கே என்று கேட்டேன்.

"பீலியில், சேர்."

பீலிக்கு மேலேயா, கீழேயா என்று கேட்டேன். அவன் சற்று யோசித்தான். அந்தப் பீலிக்குக் கீழே இன்னொரு லயம் இருக்கிறதாம். அவர்கள் குடிப்பதும் அதே தண்ணீரைத்தானாம். குழந்தைகள் குடிக்கும் நீரில் நைத்திரேற்று சேர்வது கைக்குழந்தைகளுக்கு ஆபத்து என்பதைச் சொல்லி, இனி வாளியில் நீர் கொண்டுபோய்ப் பாத்தியோரத்திலேயே வைத்துக் கழுவச் சொல்லி அனுப்பினேன்.